கூடமும் கோணலாகலாம்!

கம்பி விமானத்தின் கைப்பிடி புகட்டும் பாடம்

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தன் குறையை ஒப்புக்கொள்ள மனமின்றிக் கருவியின்மேற் பழி சுமத்துவோரை இடித்துரைக்க எழுந்தது அது. கையெழுத்துக் கோணிப்போன மாணவன் பேனாவைக் குறை கூறினால் ஆசிரியர் இதனைச் சொல்லுவார். கறியில் உப்புக் கூடியதற்குக் கரண்டியை நொந்துகொண்டால் பாட்டி இதனைச் சொல்லுவாள். பழமொழியிற் பிழையில்லை. ஆயினும், என்றோ ஒருநாள் கூடம் மெய்யாகவே கோணலாய் இருந்துவிட்டால் என் செய்வது? அதனை அளந்து பார்த்த பின்னரன்றோ ஆடியவளைப் பழிக்கவேண்டும்?

இவ்வினாவை நம்முன் வைப்பது ஒரு விளையாட்டுப் பொருள். கம்பியிற் கட்டிப் பறக்கவிடும் சிறு விமானமே அது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அவ்விமானத்தை ஆட்டிவைக்கும் கைப்பிடி. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு துண்டினை அரை அங்குலம் திருத்தியமையால் ஊக்கம் பெற்ற பிள்ளைகள் உண்டு. திருத்தாமையால் ஊக்கம் இழந்த பிள்ளைகளும் உண்டு. அதன் கதையைச் சிறிது கேளுங்கள்.

கம்பியிற் கட்டிய பறவை

வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறு விமானங்களை இன்று பலரும் கண்டிருப்பர். கம்பி விமானம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. பல்சா என்னும் இலேசான மரத்தாற் செய்த உடல், மெல்லிய தாளோ பட்டோ போர்த்த சிறகு, மூக்கில் ஒரு சிறு எஞ்சின் என்பன அதன் உறுப்புகள். இக்காலத்தில் எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டர் பூட்டுவோரும் பலர். பைலட் திடலின் நடுவில் நிற்பார். அவர் கையிலுள்ள பிடியிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் புறப்பட்டு, விமானத்தின் இடச்சிறகு வழியாக உள்ளே செல்லும். விமானம் அவரைச் சுற்றி வட்டமிடும். அவரும் அதனோடு சுழன்றுகொண்டிருப்பார். நடுத்தர அளவான விமானத்துக்கு 60 அடிக் கம்பி வழக்கமானது.

கம்பிகள் விமானத்துக்குள் சென்று சேருமிடத்தில் முக்கோண வடிவான ஒரு நெம்புகோல் ஆணியொன்றிற் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கும். அதன் இரு மூலைகளில் இரு கம்பிகள். மூன்றாம் மூலையிலிருந்து ஒரு தண்டு வாலுக்குச் செல்லும். வாலின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தட்டு ஒன்றுண்டு. எலிவேற்றர் என்பது அதன் பெயர். பிடியின் மேல்நுனியைப் பைலட் தம்மை நோக்கிச் சாய்த்தால் மேற்கம்பி இழுபடும், கீழ்க்கம்பி விட்டுக்கொடுக்கும், நெம்புகோல் திரும்பும், எலிவேற்றர் உயரும், விமானம் மூக்கை நிமிர்த்தி மேலேறும். மேல்நுனியை முன்னே சாய்த்தால் இறங்கும். அவ்வளவே! இந்த ஓர் அசைவைக் கொண்டே கைதேர்ந்தவர்கள் குத்துக்கரணம், தலைகீழ்ப் பறப்பு, எட்டு வடிவப் பறப்பு முதலிய வித்தைகளையெல்லாம் செய்துகாட்டுவர்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். கம்பி இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆகவே அது எப்போதும் இறுகி நிற்றல் வேண்டும். அதனை இறுக்கி வைப்பது விமானத்தின் வேகம். ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள விமானம் ஒன்று, 20 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தை 5.3 செக்கனில் ஒருமுறை சுற்றுவதாகக் கொள்வோம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 85 கிலோமீற்றர். பௌதிகம் பயிலும் மாணாக்கர், வேகத்தின் வர்க்கத்தை ஆரையாற் பிரித்துத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கம்பிகளின் இழுவை விமானத்தின் நிறையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 4 கிலோகிராமுக்குச் சற்று மேல் என்று விடை வரும். நான்கு கிலோ அரிசிப் பையின் பாரத்தைக் கையிற் சுமந்தவாறே, அதே கையால் நுண்ணிய எழுத்து எழுதுவது போன்றது பைலட்டின் வேலை. அந்தப் பாரம் முழுவதும் வந்து சேருமிடம் கைப்பிடி.

பிடியின் பிறப்பு

இக்கலை வளர்ந்த நாடு அமெரிக்கா. ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லன்ட் நகரில் விளையாட்டு விமானங்கள் செய்து விற்றவர் ஜிம் வாக்கர். அவர் 1940இல் 'பயர்போல்' என்னும் விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரு கம்பிகளால் ஆட்டும் முறைக்கு 'யூ-கொன்றோல்' எனப் பெயரிட்டு, 1942இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று, தலையிற் பூட்டிய கருவியில் ஒன்று என மூன்று விமானங்களை ஒரே வேளையிற் பறக்கவிட்டு அவர் மக்களை வியப்பில் ஆழ்த்தினார். கை இரண்டும் போதாமல் தலையே பிடியாயிற்று! கம்பிகளைச் சுற்றி வைத்துக்கொள்ளும் உருளை அமைந்த கைப்பிடியும் அவர் விற்ற பொருள்களுள் ஒன்று.

எனினும், வாக்கருக்கு முன்னரே, அதே மாநிலத்தவரான ஓபா செயின்ட் கிளேயர் என்பவர் கம்பிகளால் விமானத்தை ஆட்டிக் காட்டியிருந்தார். கொக்ஸ் என்னும் உற்பத்தியாளர்மீது வாக்கர் தொடுத்த வழக்கு 1955இல் விசாரணைக்கு வந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. வாக்கரின் ஆக்கவுரிமை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. முதலிற் செய்தவர் ஒருவர். நாடெங்கும் பரப்பியவர் மற்றொருவர். இருவர்க்கும் உரிய பெருமையை அளந்து கொடுக்க ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

டெக்சாஸ் மாநிலத்து விக்டர் ஸ்டான்சல் என்பவரோ வேறு வழி சென்றார். ஒற்றைக் கம்பியைக் கோலின் நுனியிற் கட்டி விமானத்தை ஆட்டும் முறையை முதலிற் கொண்டுவந்தார். பின்னர், ஒற்றைக் கம்பியை முறுக்குவதாலேயே எலிவேற்றரை அசைக்கும் முறையையும் ஆக்கினார். ஆயினும், இரு கம்பியும் ஒரு பிடியுமாகிய முறையே உலகெங்கும் நிலைத்தது.

சர்வதேசப் போட்டிகளின் விதிகளை நோக்கினால் கைப்பிடியின் பெருமை விளங்கும். அங்கே வட்டத்தின் ஆரை, பிடியின் நடு அச்சிலிருந்து விமான விசிறியின் அச்சு வரை அளக்கப்படுகிறது. வேகப் போட்டிக்கு ஆரை 17.69 மீற்றர், 9 சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீற்றர். குழுவாக ஓட்டும் போட்டிக்கு 15.92 மீற்றர், 10 சுற்றுக்கு ஒரு கிலோமீற்றர். வேகப் போட்டியில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. திடலின் நடுவில் நாட்டிய தூணின் கவட்டில் பிடியை வைத்தே பைலட் விமானத்தை ஓட்டவேண்டும். இல்லையேல், கையை முன்னே வீசி விமானத்தை இழுத்தோட்டி, எஞ்சினுக்கு இல்லாத வேகத்தைக் கை கொடுத்துவிடக்கூடும். பிடியே வட்டத்தின் மையம்; மையம் பிசகினால் எல்லாம் பிசகும்.

ஐந்து மீற்றரில் முடியும் கதை

நிற்க. எந்த நாட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு சிறுவன் மாலைதோறும் இருந்து பல்சாத் துண்டுகளை வெட்டி ஒட்டினான். சிறகுக்குத் தாள் போர்த்தத் தங்கை உதவினாள். எஞ்சினுக்கு வேண்டிய பணத்தைத் தந்தை தம் செலவைச் சுருக்கிக் கொடுத்தார். மூன்று மாதம் சென்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமே திடலுக்குப் போயிற்று. விமானம் எழுந்தது. எழுந்த வேகத்தில் மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தது. பையன் பதறிப் பிடியை முன்னே சாய்த்தான். சற்றே கூடுதலாகச் சாய்த்துவிட்டான். அவ்வளவுதான்! மூன்று மாத உழைப்பு மூன்று செக்கனில் மண்ணோடு மண்ணாயிற்று.

"உனக்குக் கை வாய்க்கவில்லை, தம்பி," என்றார் பக்கத்தில் நின்றவர். அனுதாபத்தோடுதான் சொன்னார். ஆனால் பையன் அதனைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டான். எஞ்சினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினான். பெட்டி பின்னர் திறக்கப்படவில்லை.

இதில் நடந்தது என்ன? மணிக்கு 85 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 24 மீற்றர் கடக்கும். கண் கண்டதற்குக் கை மறுமொழி சொல்ல ஐந்தில் ஒரு செக்கனாவது ஆகும். அதற்குள் விமானம் 5 மீற்றர் சென்றுவிடும். புதிதாகப் பழகுபவன் விமானத்தைத் தன் தலையுயரத்திற் பறக்கவிடுவான். கீழ்நோக்கித் திரும்பிய விமானம் அந்த உயரத்திலிருந்து நிலத்தைத் தொட எவ்வளவு நேரம் செல்லும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். பிழையைத் திருத்த அவகாசம் இல்லை. ஆகவே பிழை நேராதவாறு பிடியை அமைப்பதே அறிவுடைமை.

கை பழகாமையும் ஒரு காரணமே, அதனை மறுப்பதற்கில்லை. அதனாலேதான் அனுபவசாலிகள் புதியவனிடம், "மணிக்கட்டை வளைக்காதே, முழங்கையை மடக்காதே, தோளிலிருந்து கை முழுவதையும் மெல்ல உயர்த்து, மெல்லத் தாழ்த்து" என்று சொல்லிக்கொடுப்பர். நல்ல புத்திமதியே. ஆனால், அதற்குமுன் பிடியில் அளந்து பார்க்கவேண்டியவை மூன்றுண்டு.

பட்டம் ஏற்றிய பிள்ளைகளுக்கு இதனை விளக்க அதிகம் வேண்டியதில்லை. பட்டம் தலைகீழாய்க் குத்தினால் நூல் பிடித்தவனை எவரும் ஏசுவதில்லை. "முச்சையைப் பார்!" என்றுதான் சொல்லுவார்கள். முச்சையின் முடிச்சை ஒரு விரற்கடை நகர்த்தியதும், முரண்டு பிடித்த பட்டம் அடங்கி நிற்கும். பட்டத்துக்கு முச்சை எப்படியோ, கம்பி விமானத்துக்குக் கைப்பிடி அப்படி.

பென்சிற் பரிசோதனை

முதலில் அளக்கவேண்டியது நடுநிலை. வீட்டிலிருந்தே இதற்கொரு பரிசோதனை செய்யலாம். நீண்ட பென்சில் ஒன்றைப் பெருவிரல் மேலே வருமாறு முட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடிக் கையை முன்னே நீட்டுங்கள். கையைச் சிறிது இளக விடுங்கள். இப்பொழுது கண்களைத் திறந்து பாருங்கள். பென்சில் செங்குத்தாக நில்லாது. மேல்நுனி முன்னே சாய்ந்திருக்கும். சிலருக்குச் சாய்வு குறைவு; சிலருக்குக் கூடுதல். இது குறையன்று, மணிக்கட்டின் இயல்பு. பென்சிலை வலிந்து செங்குத்தாக்கினால் மணிக்கட்டில் ஓர் இறுக்கம் தோன்றும். அங்கிருந்து அதனைப் பின்னே சாய்க்க அதிக இடமில்லை. முன்னே சாய்க்கவோ தாராளமாக இடமுண்டு.

இனிக் கைப்பிடிக்கு வருவோம். செங்குத்தாக நிற்கும்போது இரு கம்பிகளும் சமமாக இருக்குமாறு செய்த பிடிகள் பல. அவற்றைப் பிடித்தவன் கை சற்றே இளகியதும் பிடி முன்னே சாய்கிறது, எலிவேற்றர் தாழ்கிறது, விமானம் நிலத்தை நோக்குகிறது. அவன் பதறி ஏற்றம் கொடுக்க முயன்றால் மணிக்கட்டில் இடமில்லை. இறக்கம் கொடுக்க முயன்றாலோ கை அளவுக்கு மீறி ஓடுகிறது. நாம் மேலே கண்ட சிறுவனுக்கு நேர்ந்தது இதுவாகவும் இருக்கலாம் அன்றோ? கை கோணலா, கூடம் கோணலா?

திருத்தும் வழி எளிது. ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, கம்பிகள் இறுகி நிற்குமாறு பைலட் கையை இயல்பாக நீட்டிக் கண்களை மூடவேண்டும். பிடித்திருப்பவர் எலிவேற்றரைப் பார்க்கவேண்டும். அது வாலோடு ஒரே மட்டமாக நின்றால் நடுநிலை சரி. தாழ்ந்து நின்றால் மேற்கம்பியைக் குறுக்கவேண்டும். உயர்ந்து நின்றால் நீட்டவேண்டும். பிடியில் இரு கம்பிகளுக்குமிடையே 4 அங்குலமும், கையின் இயல்பான சாய்வு 15 பாகையுமானால், வேண்டிய திருத்தம் ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலம் விமானத்தின் உயிர்.

இப்பரிசோதனைக்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கம்பிகள் தளர்ந்திருக்கும்போது எலிவேற்றர் தன் பாரத்தாலேயே கீழே விழவேண்டும். விழாவிடில் நெம்புகோலோ தண்டோ கீலோ எங்கோ இறுகியிருக்கிறது என்பது பொருள். அந்த நோய்க்குப் பிடியில் மருந்தில்லை.

கம்பிகளின் இடைவெளி

இரண்டாவது, பிடியில் இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள தூரம். விமானத்துள் இருக்கும் நெம்புகோலில் கம்பித் துளைகள் 3 அங்குல இடைவெளியில் உள்ளன என்போம். பிடியிலும் அதே 3 அங்குலமாயின், பிடி 15 பாகை சாய்ந்தால் நெம்புகோலும் 15 பாகை திரும்பும். பிடியில் 4 அங்குலமாயின், அதே சாய்வுக்கு நெம்புகோல் 20 பாகை திரும்பும். இரண்டரை அங்குலமாயின் பன்னிரண்டரைப் பாகையே திரும்பும். கை செய்த பிழை ஒன்றே. ஒரு பிடி அதனைப் பெருக்கி அனுப்புகிறது. மற்றொன்று சுருக்கி அனுப்புகிறது.

ஆகவே, பழகத் தொடங்குபவனுக்கு ஒடுங்கிய இடைவெளி நன்று. அவன் கை நடுங்கினாலும் விமானம் அவ்வளவு நடுங்காது. ஆனால் ஒடுக்கத்துக்கும் எல்லையுண்டு. அளவுக்கு மீறி ஒடுக்கினால், ஆபத்து வேளையிற் போதிய ஏற்றம் கிடையாது. பைலட் மணிக்கட்டை முடிந்தவரை முறுக்கியும் விமானம் எழும்பாது. கால் அங்குலம் கால் அங்குலமாகக் குறைத்துப் பார்த்து நிறுத்துவதே முறை. கை தேறத் தேற மீண்டும் அகலமாக்கலாம்.

இடைவெளியைத் திருத்துவோர் சிலர் ஒரு பிழை செய்வதுண்டு. மேற்கம்பியை மட்டும் நடுவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, கீழ்க்கம்பியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவர். இரு கம்பிகளும் ஏறத்தாழச் சமமாக இழுக்கின்றன. மொத்தம் 4 கிலோவாயின் ஒவ்வொன்றும் 2 கிலோ. கையின் நடுவிலிருந்து ஒன்று 2 அங்குலத்திலும் மற்றது ஒன்றரை அங்குலத்திலும் இருந்தால், தூரம் கூடிய பக்கம் வெல்லும். பிடி ஓயாது அப்பக்கம் சாயப்பார்க்கும். பைலட் ஓயாது அதனோடு மல்லுக்கட்டுவார். தராசின் கோல் நடுவிலே தொங்கவேண்டும் என்பதை அறியாத வியாபாரி யார்? மேலும் கீழும் ஒரே அளவாக நகர்த்துவதே பொதுவிதி.

மணிக்கட்டும் கம்பியும்

மூன்றாவது, மணிக்கட்டிலிருந்து கம்பி கட்டிய இடம் வரையுள்ள தூரம். கடைகளில் வாங்கும் பிடிகள் சிலவற்றில் கம்பிகள் விரல்களுக்கு வெகுதூரம் முன்னே கட்டப்பட்டிருக்கும். பிடியை ஒரு பக்கம் சாய்த்ததும், கம்பிகளின் இழுவை அதனை மீண்டும் நடுநிலைக்கு இழுக்க முயலும். தூரம் கூடக்கூட இந்த எதிர்ப்பும் கூடும். இழுவை 4 கிலோ, சாய்வு 20 பாகை எனக் கொண்டால், 6 அங்குலத் தூரத்தில் மணிக்கட்டு எதிர்க்கவேண்டிய திருப்பம், 4 அங்குலத் தூரத்தில் வேண்டியதைப்போல் ஒன்றரை மடங்காகும். சில நிமிடங்கள் ஓயாது வித்தை காட்டும் பைலட்டுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. இறுதியில் மணிக்கட்டுச் சோர்ந்து, கடைசிக் கரணத்தில் விமானம் தரையைத் தொட்டுவிடும்.

ஆகவே, தேர்ந்தவர்கள் பிடியின் முன்பகுதியை அறுத்து, கம்பிகள் விரல்மொழிகளுக்கு அண்மையிலிருந்தே புறப்படுமாறு திருத்துவர். புதியவனுக்கோ சிறிது தூரம் இருப்பதும் நன்மையே. அவன் கை தடுமாறினாலும் கம்பிகளே பிடியை நடுவுக்கு இழுத்து விடுகின்றன. ஒருவனுக்கு உதவும் பிடி மற்றொருவனுக்கு உதவாது என்பது இதனால் விளங்கும்.

திருத்தும் முறை

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. அரை அங்குலத் தடிப்புள்ள நல்ல பிளைவுட் துண்டு, எட்டிலொரு அங்குலத் தடிப்புள்ள அலுமினியச் சட்டம், இரண்டு மரையாணிகள், அவை தளராதிருக்க இறுகு சுரைகள், ஓர் அரம் ஆகியன போதும்.

பிளைவுட் துண்டைக் கைக்கு அடங்கிய பிடியாக அறுத்து, விளிம்புகளை அரத்தால் உருட்டவேண்டும். கண்களை மூடிப் பலமுறை பிடித்துப் பார்த்து, எலும்பு உறுத்தும் இடத்தைச் சிறிது சிறிதாக இழைத்தெடுக்கலாம். வியர்வையில் வழுக்காதிருக்கத் துவிச்சக்கரவண்டியின் கைப்பிடிக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றலாம். அலுமினியச் சட்டத்தைப் பிடியின் முன்பக்கத்தில் நெடுக்காக வைத்து மரையாணிகளாற் பூட்டவேண்டும். சட்டத்தின் நடுவிலிருந்து மேலும் கீழும் முக்கால் அங்குலம் தொடங்கி இரண்டேகால் அங்குலம் வரை, கால் அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள் இடவேண்டும். இவ்வாறு செய்தால் இடைவெளியை ஒன்றரை அங்குலம் முதல் நாலரை அங்குலம் வரை விரும்பியவாறு மாற்றலாம். கம்பியின் கொக்கியை வேறு துளையில் மாட்டுவதே வேலை. நடுநிலையைத் திருத்த, மேற்கம்பியின் அடியில் நீளம் கூட்டிக் குறைக்கத்தக்க இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். துளைகளின் கூர்விளிம்பை நன்றாக உருட்டிவிடவேண்டும். கூரிய விளிம்பு கம்பியை நாளடைவில் அரித்து அறுத்துவிடும்.

ஒரு முக்கியமான விதி: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. நடுநிலையையும் இடைவெளியையும் ஒரே நாளில் மாற்றினால், நன்மையோ தீமையோ எதனால் விளைந்தது என்று அறிய முடியாது. மாற்றிய அளவையும், பறந்த விதத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். ஆய்வுகூடத்திற் கற்கும் முறையும் இதுவேயன்றோ?

உயிருக்கு ஒரு கயிறு

பிடியை அறுப்பதும் துளைப்பதும் அதன் வலிமையைக் குறைக்கக்கூடும். எனவே திருத்திய பிடியைச் சோதியாமல் ஒருபோதும் பறக்கவிடலாகாது. அமெரிக்காவில் வித்தைப் போட்டிகளுக்கு முன் விமானம், கம்பி, பிடி ஆகிய மூன்றையும் சேர்த்து, விமானத்தின் நிறையைப்போல் பத்து மடங்கு விசையால் இழுத்துப் பார்ப்பர். நாம் கண்ட ஒன்றரைக் கிலோ விமானத்துக்கு அது 15 கிலோ. விற்றராசு ஒன்று இருந்தால் இச்சோதனையை எவரும் செய்யலாம்.

பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு வலிய கயிறு கட்டாயம் இருத்தல் வேண்டும். பிடி கை நழுவினால், மணிக்கு 85 கிலோமீற்றர் வேகத்தில் விமானம் கம்பியையும் பிடியையும் இழுத்துக்கொண்டு பார்வையாளரிடையே பாயும். அங்கே நிற்பவர்கள் நம் தாயும் தங்கையும் என்பதை மறத்தலாகாது. கம்பியில் முறிவோ நெளிவோ தென்பட்டால் இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, மின்சாரக் கம்பிகள் செல்லும் இடத்திலும், இடிமுழக்கம் கேட்கும் வேளையிலும் கம்பி விமானம் வேண்டவே வேண்டாம். உருக்குக் கம்பி மின்சாரத்தைக் கைக்குக் கொண்டுவரும் பாதை. இவ்விதியை மீறி உயிரிழந்தோரும் உளர்.

கையும் கருவியும்

கருவிக்காகக் கையை வளைப்பதா, கைக்காகக் கருவியை வளைப்பதா என்பது பழைய வினா. நல்ல தச்சன் உளிக்குத் தானே பிடி போட்டுக்கொள்வான். பிறருடைய உளியை அவன் எளிதில் வாங்கமாட்டான். அவன் கைத்திறன் உளியிற் பாதி, பிடியிற் பாதி. மனிதரின் முட்டிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையல்ல. ஒரே அச்சில் வார்த்த பிடி எல்லார்க்கும் எங்ஙனம் பொருந்தும்?

பிள்ளைகளைப் பழக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று. கற்க வந்த பிள்ளை தவறும்போது, "உனக்குக் கை வாய்க்கவில்லை" என்று சொல்லுவது மிக எளிது. ஒரு சொல் போதும், செலவும் இல்லை. "கொண்டு வா, பிடியை அளந்து பார்ப்போம்" என்று சொல்லுவதற்குச் சிறிது நேரமும் ஓர் அடிமட்டமும் வேண்டும். முன்னையது பெட்டியை மூடிவிடுகிறது. பின்னையது திறந்து வைக்கிறது. அளந்து பார்த்தபின் பிழை கையிலேதான் என்று தெரிந்தாலும் நட்டமில்லை. பழகவேண்டியது எது என்பது தெளிவாகிவிடும். பிள்ளையும் மனமுவந்து பழகுவான்.

பழமொழியை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆடமாட்டாதவர் கூடத்தைப் பழிப்பது என்றும் உள்ளதே. ஆனால், அதனை அடுத்த முறை சொல்லுமுன் ஒரு மட்டப்பலகையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துப் பார்ப்போம். கூடம் நேராயின் ஆடியவள் இன்னும் பழகட்டும். கோணலாயின் கூடத்தைத் திருத்துவோம். அவள் மீண்டும் ஆடட்டும்.